முன்வரிசையில இருந்தவவுக்கு அகவணக்கம்

அன்ரியின்ர முகத்தை நான் முதல்முதல் கண்டது அவவின்ர வீட்டில இல்லை, றோட்டில, விளக்குக் கம்பத்தில. கறுப்பின வரலாற்று மாதம் எண்டு சொல்லிக் கவுன்சில் கம்பத்துக்குக் கம்பம் துணி கட்டித் தொங்கவிட்டிருந்தது. துணியில ஒரு இளம்பெட்டை. சரிச்சுப் போட்ட தொப்பி, கறுத்தத் தோல் ஜாக்கெட், பொத்தி மேல தூக்கின கை முட்டி. நல்ல வடிவான பெட்டை. ஆரோ அமெரிக்காக்காரி, எப்பவோ செத்துப்போயிருப்பாள் எண்டு நினைச்சுக்கொண்டு, ஏஜென்சி தந்த விலாசத்தைத் தேடிப்போய் மணி அடிச்சன். கதவு திறக்கப் பிந்திச்சுது. திறந்தது அந்தப் பெட்டைதான். அம்பது வருசம் பிந்தி, தலை முழுக்க வெள்ளை, வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. "என்ன பாக்கிறாய்? கம்பத்தில நிக்கேக்கை நான் இன்னும் உயரம்" எண்டா.

நான் கெயரர். வயசுபோன ஆக்களின்ர வீடுகளுக்குப் போய் முழுக வாத்து, சாப்பாடு குடுத்து, குளிசை எடுத்துக் குடுக்கிற வேலை. இருக்கிறது கிழக்கு லண்டன் குட்மேய்ஸில, வேலை ஆத்துக்கு அங்கால தெற்கு லண்டனில. விசரோ, உவ்வளவு தூரம் போறாய் எண்டு கேக்கிறவை இருக்கினம். எங்கட ஆக்கள் இல்லாத பக்கமாப் பாத்து வேலை தாங்கோ எண்டு ஏஜென்சியிட்டை நான்தான் கேட்டனான். அங்கயும் எங்கட ஆக்கள் வந்து பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு நிக்கினம் எண்டது பேந்துதான் தெரிஞ்சுது.

அன்ரி கரீபியன் தீவொண்டில பிறந்து சின்னப்பிள்ளையா லண்டனுக்கு வந்தவ. அந்தக் காலத்தில கறுப்புப் பெடியள் றோட்டில சும்மா நிண்டாலே பொலிஸ் அள்ளிக்கொண்டு போகுமாம். பள்ளிக்கூடத்தில கறுப்புப் பிள்ளையளை மூளை குறைஞ்சதுகள் எண்டு சொல்லி வேற இடத்துக்குத் தள்ளிவிடுவினமாம். தாய் தேப்பன்மார் கெஞ்சிக் கேட்டுப் பாத்தினம். நடக்கேல்லை. அன்ரியும் அவவின்ர கூட்டாளியளும் கெஞ்சிறதை விட்டிட்டினம். அமைப்பொண்டாச் சேந்து, கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு, பொலிஸ் ஸ்ரேசன் வாசலில போய் நிண்டு சண்டை பிடிச்சவை. அடி வாங்கினவை, திருப்பியும் குடுத்தவை, மறியலுக்குப் போய்க் கம்பியும் எண்ணினவை. அதை அவ ஒளிக்கிறேல்லை. "நாங்கள் நல்ல பிள்ளையள் இல்லை, பிள்ளை. நல்ல பிள்ளையாய் இருந்து ஒண்டும் கிடைக்கேல்லை" எண்டு சொல்லுவா. அவ என்னைக் கூப்பிடுற இங்கிலீசுச் சொல்லைத் தமிழில எழுதினால் பிள்ளை எண்டுதான் வரும்.

அவையளிட்டை ஒரு வழக்கம் இருந்தது. தங்கட ஆள் ஒருத்தரை நீதிமன்றத்துக்கோ அரசாங்கக் கந்தோருக்கோ கூப்பிட்டால் தனிய விடமாட்டினம். வேலைக்கு லீவு போட்டெண்டாலும் போய், பின்னால கிடக்கிற வாங்குகள் முழுக்க நிரப்பிக்கொண்டு இருப்பினமாம். வாய் திறக்கமாட்டினமாம், சும்மா இருந்து பாத்துக்கொண்டிருப்பினமாம். "தனி ஆளெண்டால் அவங்கள் நசிச்சுப்போடுவாங்கள். பின்னால சனம் இருந்தால் நீதவானுக்கே தொண்டை காயும்" எண்டு சொல்லிச் சிரிப்பா. தனக்குத் தானே வழக்காடி வெளியில வந்தவ அவ. அண்டைக்கு வெளியில நிண்ட சனத்துக்கும் இடம் போதாமல் போச்சுதாம்.

அப்ப பேப்பர்காரர் அவையளுக்கு வைச்ச பேர் தீவிரவாதி. இப்ப பாருங்கோ, எல்லாருக்கும் அந்த முட்டி வேணும். ரீசேட்டில முட்டி, தேத்தண்ணிக் கோப்பையில முட்டி, குழந்தைப்பிள்ளையின்ர சொக்ஸிலயும் முட்டி. அன்ரியின்ர வீட்டுக்கு மைக்கோட வருவினம், கமராவோட வருவினம். அவவுக்குச் சாப்பிட ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்த ஆள் இல்லை. உடுப்புக் கொம்பனிப் பெடியன் ஒருத்தன் வந்து, "அந்தக் கோபமான முகத்தை ஒருக்காக் காட்டுங்கோ" எண்டான். அன்ரி காட்டினா. அவன் "அருமை, அருமை" எண்டு படம் எடுத்தான். அது தன்னைப் பாத்துத்தான் எண்டு அந்த மொக்கனுக்கு விளங்கேல்லை.

அவவின்ர தோல் ஜாக்கெட்டை ஒரு காட்சிச்சாலை கேட்டு வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கு. நான் ஒருநாள் வீல் செயாரில தள்ளிக்கொண்டு போய்க் காட்டினனான். தோல் வெடிச்சுப்போடும் எண்டு அந்த அறைக்குக் கணக்காச் சூடு வைச்சிருக்கினம், வாசலில காவலுக்கு ஆள் வேற. அன்ரியின்ர வீட்டு ஹீற்றர் குளிர் தொடங்க முதலே பழுதாகிக் கிடக்குது. கவுன்சிலுக்குப் போன் எடுத்து எடுத்து, அவங்கள் போடுற பாட்டைக் கேட்டு என்ர காது வெந்துபோச்சு. "ஜாக்கெட் குடுத்துவைச்சது, பிள்ளை. நான் கொஞ்சம் கூடக்காலம் இருந்திட்டன்" எண்டு அன்ரி பகிடி விட்டா.

மாரிக் குளிர் முடியிற நேரம் அன்ரி குசினிக்குள்ள விழுந்துபோனா. எலும்பு முறியேல்லை, ஆனால் கவுன்சிலுக்கு அது காணும். இனித் தனிய இருக்க ஏலாதாம். இரவிலயும் ஆள் வேணுமாம், அதுக்குக் காசில்லையாம். லண்டனுக்கு வெளியில, கடற்கரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில இடமிருக்காம். கூட்டம் வைச்சு முடிவெடுப்பினம் எண்டு சொன்னவை. அன்ரிக்கு வேண்டிக் கிடந்தது ஒண்டே ஒண்டு. சாகுமட்டும் தன்ர வீட்டில இருக்கவேணும். அந்த முன் அறையிலதான் பள்ளிக்கூடம் தள்ளின பிள்ளையளை இருத்திச் சனிக்கிழமையளில எழுதப் படிக்கப் பழக்கினவ. அந்த வீட்டுக் கதவைத்தான் ஒருக்காப் பொலிஸ் உடைச்சுக்கொண்டு வந்தது. "உடைச்சு வந்தவங்களாலயே என்னை இங்கயிருந்து கிளப்ப ஏலேல்லை. இவை பேனையால கிளப்பப் பாக்கினம்" எண்டா. பேந்து என்ர கையைப் பிடிச்சு, "ஆக்களைப் பிடி, பிள்ளை. கூட்டத்துக்கு ஆக்கள் வேணும்" எண்டு சொன்னா.

ஆரைப் பிடிக்கிறது? கூட்டாளியளில பாதிப் பேர் செத்துப்போச்சினம். கொஞ்சப் பேர் தீவுக்குத் திரும்பிப் போயிட்டினம். ஒருத்தர் பெரிய ஆளாகிப் பட்டம் எல்லாம் வாங்கி, இப்ப போனை எடுக்கிறேல்லை. மைக் கொண்டு வந்தவைக்கு எல்லாம் நான் போன் அடிச்சன். ஒருத்தி அடுத்த நிகழ்ச்சியில இதைப் பற்றிக் கதைப்பம் எண்டாள். கதைச்சு என்ன, கதிரையில வந்து இருக்கவெல்லோ ஆள் கேட்டனான்!

அந்த நேரம் பாத்துத்தான் எங்கட ஆக்கள் வந்து சேந்தினம். ஒரு சனிக்கிழமை அன்ரியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போறன், தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டுச் சனம் வெளியில வருது. பள்ளிக்கூடத்துத் தலைவர் அன்ரியைப் பாத்தார், கவுன்சில் இன்னும் கழட்டாமல் விட்ட கம்பத்துத் துணியை அண்ணாந்து பாத்தார், திரும்ப அன்ரியைப் பாத்தார். "அட, இது அந்தப் படத்தில நிக்கிறவவெல்லே!" எண்டு வாயைப் பிளந்தார். அதுக்குப் பிறகுதான் தள்ளிக்கொண்டு நிண்ட என்னைப் பாத்தார். ஆள் ஆரெண்டு விளங்கினவுடன முகம் ஒருக்காச் சுருங்கிச்சுது. எனக்கு அந்தச் சுருக்கம் பழக்கம்.

ஏனெண்டு சொல்லுறன். நான் பெட்டையா இருக்கேக்கை இயக்கத்தில இருந்தனான். விரும்பிப் போனனியோ, பிடிச்சுக்கொண்டு போனவையோ எண்டு கேக்காதேங்கோ, ரெண்டும் கலந்த கதை அது. காலுக்குள்ள ஒரு துண்டு இரும்பு இப்பவும் கிடக்குது. லண்டனுக்கு வந்து அதை எங்கட ஆக்களுக்குச் சொன்ன பிறகு, பிறந்தநாள் வீட்டுக்குக்கூட என்னைக் கூப்பிட யோசிப்பினம். "உவளோட கதை வைச்சால் வில்லங்கம்" எண்டு பெண்டுகள் தங்களுக்குள்ள சொல்லுறது என்ர காதில விழுந்திருக்கு. வருசத்துக்கொருக்கா மண்டபம் எடுத்து, என்னோட பக்கத்தில நிண்டு செத்த பெட்டையளின்ர படத்துக்குப் பூப் போட்டு, விளக்குக் கொளுத்தி, ஓவெண்டு அழுகிறதும் அதே ஆக்கள்தான். நான் செத்திருந்தால் எனக்கும் அந்த மேசையில இடமிருந்திருக்கும். உயிரோட வந்து சேந்ததுதான் நான் செய்த பிழை. இது முழுக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அன்ரி. ஒருநாள் முழுக வாக்கேக்கை நான் காற்சட்டையை மேல மடிச்சு விட்டிருந்தன், தழும்பைக் கண்டிட்டா. கேட்டா, சொன்னன். "அப்ப நீயும் நல்ல பிள்ளை இல்லை" எண்டிட்டுச் சவுக்காரத்தை நீட்டினா.

தலைவர் கதைக்குத் திரும்பினார். "தங்கச்சி, எங்கட பிள்ளையளுக்கும் கறுப்பின மக்களின்ர போராட்டம் தெரியவேணும். வாற சனி ஒரு விழா வைக்கிறம். அவவைக் கூட்டிக்கொண்டு வாரும்" எண்டார். அவருக்குப் பின்னால நிண்ட ஒரு மனுசி மற்றவவிட்டை, "இனிக் காப்பிலியளுக்கும் விழாவோ?" எண்டு குசுகுசுத்தா. தமிழில சொன்னால் எனக்கும் கேக்காது எண்டு நினைச்சாவாக்கும். கறுப்பரைப் பழிக்கிற அந்தச் சொல்லை விழுங்கிப்போட்டு, நான் அன்ரிக்கு விழாவை மட்டும் மொழிபெயர்த்தன்.

அன்ரி கேட்டிட்டு, "வாறன். ஆனால் என்ர கூட்டத்துக்கு நீங்கள் வரவேணும். உங்கட விழா முடிஞ்சு வாற வியாழக்கிழமை காலமை. கதைக்கத் தேவையில்லை, பின்னால இருந்தால் காணும்" எண்டா. இன்னொண்டும் சொன்னா. "நீங்கள் வகுப்பு வைக்கிற கட்டடத்தை அந்தக் காலத்தில கவுன்சில் சனிக்கிழமையில பூட்டி வைச்சிருந்தது. திறந்துவிடு எண்டு வாசலில படுத்துக் கிடந்தது நாங்கள்." தலைவர் "அப்பிடியோ, அப்பிடியோ" எண்டு தலையாட்டினார். கன வருசமா அந்தக் கதவால போய் வாற மனுசன், கதவை ஒருக்காத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. "கட்டாயம் வருவம். பெற்றோர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவம். நாங்களும் போராடின இனம்தானே" எண்டார். அண்டைக்கு நான் அவரை நம்பினன். உண்மையாச் சொல்லுறன், எனக்கு வலு சந்தோசம். என்னைக் கண்டு முகத்தைச் சுருக்கினாலும் பரவாயில்லை, அன்ரிக்குப் பின்னால வந்து இருந்தால் காணும் எண்டு நினைச்சன்.

விழாவுக்கு அன்ரியை முன்வரிசையில, நட்ட நடுவில இருத்தினவை. மேடைக்குக் கீழ ஒரு மேசை, மேசைக்குப் பட்டுத்துணி. கம்பத்துப் படத்தைப் பெரிசா அடிச்சுச் சட்டம் போட்டு அதில வைச்சிருந்தினம். படத்துக்கு ரோசாப்பூ மாலை. முன்னால குத்துவிளக்கு, தட்டு நிறைய உதிரிப்பூ. எங்கட வீடுகளில மாலை போட்ட படமெண்டால் ஆர் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இருக்கிற ஆளுக்குக் கழுத்தில போடுறது, படத்துக்குப் போடுறது செத்தவைக்கு. அவ உயிரோட இருக்கிறா எண்டது தலைவருக்குத் தெரியாமலில்லை, தான்தானே கூப்பிட்டவர். ஆனால் படத்தில தூக்கின கையையும் உடுப்பையும் கண்டவுடன எங்கட ஆக்களின்ர கை தன்ர பாட்டில மாலையைப் போட்டிட்டுது. வேற விதமாச் செய்ய அவைக்குத் தெரியாது.

சரி, அதோட விட்டாங்களோ? அறிவிப்புச் செய்த பிள்ளை வழமைபோல மைக்கைப் பிடிச்சு, "அகவணக்கத்துக்காக எல்லாரும் எழுந்து நிற்கவும்" எண்டுது. எங்கட கூட்டம் எது தொடங்கினாலும் செத்தவைக்காக ஒரு நிமிசம் பேசாமல் நிக்கிறது பழக்கம். கதிரையள் எல்லாம் கிறீச்சிட, மண்டபம் முழுக்க எழும்பி, அன்ரியின்ர படத்தைப் பாத்துத் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டுது. வீல் செயாரில அன்ரி மட்டும்தான் இருந்தவ. என்ர கையைச் சுரண்டி, "ஆருக்காக நிக்கிறம்?" எண்டு மெல்லமாக் கேட்டா. பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரேல்லை. "உங்களுக்கு" எண்டன். அவ மாலையைப் பாத்தா, விளக்கைப் பாத்தா, குனிஞ்ச தலையளைப் பாத்தா. திடீரெண்டு பெரிய சத்தமாச் சிரிச்சுப்போட்டா. சனம் திரும்பி "உஷ்" எண்டுது. பாருங்கோ கூத்தை! தன்ர சாவுக்கு நிக்கேக்கை சத்தம் போட்டதுக்கு அவவுக்கே உஷ்!

பேந்து பிள்ளையள் கறுத்த மட்டையில தொப்பி வெட்டிப் போட்டுக்கொண்டு வரிசையா வந்து முட்டியைத் தூக்கினதுகள். தாய்மார் போனோட முன்னுக்கு ஓடிவந்து வீடியோ எடுத்தினம். தலைவர் அன்ரிக்குப் பொன்னாடை போத்தினார். அப்ப அன்ரி அவரின்ர கையிலயிருந்து மைக்கை வாங்கினா. "நான் இன்னும் சாகேல்லை. வியாழக்கிழமை என்னை என்ர வீட்டிலயிருந்து எழுப்பப் பாக்கினம். வந்து என்ர பின்னால இருங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்" எண்டா. கூரை பிய்யுற மாதிரிக் கைதட்டினவை. ரெண்டு மூண்டு பேருக்குக் கண்ணும் கலங்கிச்சுது. எல்லாரும் வரிசையில நிண்டு அவவோட படம் எடுத்துப்போட்டு, ரோல்ஸ் சாப்பிடப் போச்சினம். காப்பிலி எண்ட மனுசியும் வந்து, அன்ரியின்ர தோளில கை போட்டுச் சிரிச்சுக்கொண்டு ஒரு படம் எடுத்தா.

வியாழக்கிழமை அன்ரி நல்ல உடுப்புப் போட்டு, சொண்டுக்குச் சாயமும் பூசினா. கவுன்சில் கந்தோரில அறைக்குள்ள போனவுடன, "கதிரை காணாது, கூடக் கொண்டுவந்து போடுங்கோ, எங்கட சனம் வருது" எண்டா. ஒரு பெடியன் பக்கத்து அறையளிலயிருந்து காவிக்கொண்டு வந்து எங்களுக்குப் பின்னால வரிசையா அடுக்கினான். நாங்கள் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தம். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அன்ரி நிமிருவா, ஆரோ கந்தோர் ஆள் போகும். என்ர போனில தலைவரின்ர குரல் வந்து கிடந்தது. "தங்கச்சி, குறை நினைக்காதேயும். வெம்பிளியில ஒரு பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்க நாள் பாத்து வைச்சது, தட்ட ஏலாது. மற்ற ஆக்களுக்கும் வேலையாம். ஆனால் விழாப் படங்களைக் கவுன்சிலுக்கு அனுப்பினனாங்கள். மெத்த வடிவா இருக்கெண்டு எழுதியிருக்கினம்." நாசமாய்ப் போன படம்! ஒருத்தரெண்டாலும் வந்திருக்கக்கூடாதோ? ஒரே ஒருத்தர்? அன்ரியிட்டை "றெயின் பிந்துதாம்" எண்டன். அன்ரி என்னைப் பாக்காமல், "தொடங்கச் சொல்லு" எண்டா.

முடிவெடுக்கிற அதிகாரி ஒரு கறுப்பினப் பிள்ளை. முப்பது வயசு இருக்கும், தலையை வடிவாப் பின்னி, மரியாதையாக் கதைச்சா. தொடங்க முதலே கண் கலங்கி, "அன்ரி, பல்கலைக்கழகத்தில நான் உங்கட அமைப்பைப் பற்றித்தான் எழுதினனான். நீங்கள் சண்டை பிடிச்சிருக்காட்டில் நான் இண்டைக்கு இந்தக் கதிரையில இருந்திருக்கமாட்டன்" எண்டா.

"அப்ப எழும்பு" எண்டா அன்ரி.

அந்தப் பிள்ளை எழும்பேல்லை. எழும்பி என்ன செய்யிறது எண்டு அதுக்கும் தெரியாதாக்கும். கண்ணைத் துடைச்சுக்கொண்டு, காசில்லை, சட்டம் இப்பிடி, தன்ர கையில ஒண்டுமில்லை எண்டு விளங்கப்படுத்தினா. நான் குறுக்க விழுந்து, "இரவில நான் வந்து நிக்கிறன், காசு வேண்டாம்" எண்டன். என்ர இங்கிலீசு அந்த நேரம் பாத்துத் தடக்கினது. நான் ஏஜென்சி ஆளாம், இங்க கதைக்க எனக்கு இடமில்லையாம். அதையும் மெத்த மரியாதையாத்தான் சொன்னா. எனக்கு அந்தப் பிள்ளையை வெறுக்கவும் ஏலாமல் போச்சு. கதவை உடைச்சு வந்த பொலிஸ்காரனுக்குத் தூசணத்தால ஏசலாம். அழுதழுது கையெழுத்து வைக்கிறவளை என்னெண்டு ஏசுறது? அன்ரியாக்கள் அடி வாங்கி, மறியலுக்குப் போய்ப் பிடிச்சுக் குடுத்த கதிரை அது. அதில இருந்துகொண்டுதான் அவவை வெளியில அனுப்பினது.

இப்ப அன்ரி கடற்கரைப் பக்கத்து இல்லத்தில. சுத்தமான இடம், குறை சொல்ல ஏலாது. அவ ஆரெண்டு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. சாப்பிடாமல் அடம்பிடிக்கிற கிழவி எண்டு மட்டும் தெரியும். ஏஜென்சி எனக்கு வேற வீடு தந்திட்டுது. நான் ஞாயிற்றுக்கிழமையளில குட்மேய்ஸிலயிருந்து றெயின் மாறி மாறிப் போறன். போன கிழமை போகேக்கை கருவாடு பொரிச்சுக்கொண்டு போனனான், அவவுக்கு விருப்பம். ஒரு துண்டைத் திண்டுபோட்டு யன்னலைப் பாத்துக்கொண்டிருந்தவ, "என்னை ஆரும் விசாரிச்சவையோ?" எண்டு கேட்டா.

"ஓம் அன்ரி, எல்லாரும் கேட்டவை" எண்டன்.

"ஆர் ஆர்?"

நான் வாயைத் திறந்தன். மைக் கொண்டு வந்தவை, படம் எடுத்தவை, கை தட்டினவை எண்டு எல்லா முகமும் கண்ணுக்கு முன்னால வந்துது. சொல்லுறதுக்கு ஒரு பேர் வரேல்லை. அன்ரி என்ர கையை எடுத்துத் தன்ர மடியில வைச்சுக்கொண்டு, "சரி விடு, நீ வந்திட்டாய்தானே" எண்டா. அது காணாது எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.